சிவப்பு மையில் பின்கோடு

அந்த நோட்டில் விலாசம் நீல மையில் இருக்கும், பின்கோடு சிவப்பு மையில் இருக்கும். அப்பா விலாசங்களை எழுத ஆரம்பித்த காலத்தில் பின்கோடு என்ற ஒன்றே கிடையாது. 1972 ஆகஸ்ட் 15-ல்தான் தபால் துறை அதைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் எந்தச் சந்தாதாரரிடமிருந்து கடிதமோ மணியார்டரோ வந்தாலும், அதில் ஆறு எண் இருக்கிறதா என்று பார்த்து, பழைய விலாசத்துக்கு அடியில் சிவப்பில் சேர்த்துக்கொண்டே வந்தார். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு ஏற நாலைந்து வருஷம் ஆயிற்று என்பார். எங்கள் வீட்டுக்கு 625002. மதுரை, தல்லாகுளம்.

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முன்கட்டில் டிரெடில் மெஷின், அதை ஒட்டி எழுத்துப் பெட்டிகள், நடுக்கட்டில் நாங்கள். அப்பா மாத இதழ் ஒன்று நடத்தினார். கதை, கோயில் விசேஷம், கைவைத்தியம், கடைசி இரண்டு பக்கம் கேள்வி பதில். அதன் பேரை இங்கே எழுதப் போவதில்லை. 1983-ல் விற்ற பிறகு அந்தப் பேர் எங்களுடையது இல்லை. விற்ற பொருளின் பேரைச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்று அப்பா கடைசிவரை இருந்தார். அவர் போன பிறகு நான் மாற்றிக்கொள்வது சரியில்லை.

விற்கப் போகிறேன் என்று அவர் எங்களிடம் சொல்லவும் இல்லை. சித்திரைத் திருவிழா முடிந்து நாலு நாள் இருக்கும். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து எனக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பாப்பா, உன் கையெழுத்து நல்லாருக்கும்ல. இந்த நோட்டை அப்படியே இன்னொரு நோட்டுல எழுதித் தர்றியா?" என்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

முதல் நாளே தப்புச் செய்தேன். முதல் பக்கத்தில் இருந்த இருபது விலாசத்தையும் வரிசையாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா பேனாவை எடுத்து ஏழு பேரை அடித்தார். "இவரு போயிட்டாரு பாப்பா. இவரும் போயிட்டாரு. இந்தம்மா பம்பாய்க்கு மக வீட்டோட போயிட்டாங்க." போனவர்கள் யார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், இதழ் திரும்பி வரும். மேலே சுற்றிய தாளில் தபால்காரர் 'விலாசதாரர் காலமானார்' என்று எழுதியிருப்பார். அந்தத் தாளை அப்பா கிழித்துப் போட மாட்டார். நோட்டில் அந்தப் பேருக்கு நேரே மடித்து வைத்திருப்பார். நோட்டு அதனால்தான் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

தொள்ளாயிரத்துக்கு மேல் பேர் இருந்த நோட்டு அது. போனவர்கள், ஊர் மாறினவர்கள், இரண்டு வருஷமாகச் சந்தா கட்டாதவர்கள் எல்லோரையும் கழித்த பிறகு 412 நின்றது. எண்ணிச் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சந்தா பாக்கி வைத்தவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதச் சொன்னார். "பாக்கி வச்சிருக்காங்க, ஆனா படிக்கிறாங்க. அண்ணாச்சி கேட்டா அதையும் காட்டணும்."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "இருக்கிறதைச் சொன்னாப் போதாதாங்க? செத்தவங்களை எண்ணிக் கழிச்சா காட்டணும்?"

"ஆயிரம்னு நம்பி அவரு ஆயிரம் அடிப்பாரு. அம்புட்டும் திரும்பி வரும். பேப்பர்க் காசு யாரு குடுப்பா?"

வாங்க வந்தவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அப்பா அவரை அண்ணாச்சி என்றார், அவர் அப்பாவை ஐயா என்றார். வெள்ளை வேட்டி, கையில் ரெக்ஸின் பை. சொந்தமாக ஆஃப்செட் மெஷின் போட்டிருந்தார். மெஷினுக்கு மாதாமாதம் தீனி வேண்டும், புதிதாக ஒரு இதழ் ஆரம்பித்துப் பேர் எடுப்பதற்குப் பதிலாக நடக்கிற இதழ் ஒன்றை வாங்கிவிடலாம் என்று வந்திருந்தார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பாவின் நிலைமைக்கும் அது பொருந்தித்தான் வந்தது. பேப்பர்க் கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. ஈய எழுத்து தேய்ந்து 'ழ'வும் 'ற'வும் பாதிதான் விழுந்தன. கம்பாசிட்டர் மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. சிவகாசியிலிருந்து பல வண்ணத்தில் அட்டை வருகிற காலத்தில், பிளாக் போட்டு ஒரு வண்ணத்தில் அடித்த அட்டையைப் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

எழுதும்போதுதான் அந்த நோட்டை முழுசாகப் படித்தேன். அதுவரை அது அப்பாவின் மேஜையில் கிடக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான். ஒவ்வொரு விலாசத்துக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஏதாவது இருக்கும். 'மக கல்யாணம் வைகாசி.' 'கைவைத்தியம் மட்டும் படிப்பார்.' 'எழுத்துப் பெரிசா வேணுமாம்.' மேலூர்ப் பெரியவர் ஒருவருக்கு நேரே 'அரவிந்த், 2 நாள் தங்கினார்' என்று இருந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு கண்ணாஸ்பத்திரி ஆரம்பித்தாரே, அங்கே புரை எடுக்க வந்தவர். வந்த இடத்தில் யாரைத் தெரியும் என்று யோசித்தவருக்கு, மாதாமாதம் இதழின் கடைசிப் பக்கத்தில் பார்க்கிற தல்லாகுளம் விலாசம் நினைவுக்கு வந்திருக்கிறது. பச்சைத் துணி கட்டிய கண்ணோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை எனக்கும் லேசாக ஞாபகம் இருக்கிறது.

எதிர்சேவை சமயத்தில் கேட்கவே வேண்டாம். அழகர்மலையிலிருந்து கள்ளழகர் இறங்கி வந்து தல்லாகுளத்தில் தங்குகிற ராத்திரி, எங்கள் திண்ணை, நடை, மெஷின் ரூம் எல்லாம் ஆள் படுத்திருக்கும். பாதிப்பேர் சந்தாதாரர்கள், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அழகர் சாத்திக்கொள்வதைப் பெருமாள் கோயிலில் பார்த்துவிட்டு, விடியக் காலையில் அவர் பின்னாலேயே ஆற்றுக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் பீச்சுகிறவர்களின் தோல்பை வாசனையும், பொரிகடலையும், புது மை வாசனையும் கலந்துதான் எனக்குச் சித்திரை மாதம் நினைவுக்கு வரும். சித்திரை இதழ் மட்டும் அப்பா கூடுதலாக அடிப்பார். தமுக்கம் வாசலிலேயே விற்றுப் போகும்.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பென்சில் குறிப்புகளைப் பார்த்ததும், "இதெல்லாம் வேண்டாம் ஐயா. விலாசம் மட்டும் சுத்தமா எழுதிக் குடுத்துருங்க" என்றார். அப்படித்தான் நான் எழுத உட்கார்ந்தது. பழைய நோட்டு எங்களிடமே தங்கியதும் அப்படித்தான்.

விகடன் கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. மாசக் கடைசியில் ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து, இதழை மடித்து, தாள் சுற்றி, மைதாப் பசை தடவி ஒட்டுவோம். அப்போது சொல்வார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் ஆனந்த விகடன் ஆரம்பித்தார். நடத்த முடியவில்லை. அதற்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வாசன் 1928-ல் வாங்கினார். பேரில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். நாங்கள் பசைக் கையோடு விரல் விட்டு எண்ணுவோம், ஆ, ன, ந், த என்று. எங்கள் இதழின் பேரில் ஐந்து எழுத்து. 125 ரூபாய்!

அந்த வருஷம் மே மாசம் பசை தடவும்போது கதை வேறு மாதிரி வந்தது. "வாங்கினவரைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். ஜெமினி ஸ்டூடியோ, சந்திரலேகா எல்லாம் தெரியும். வித்தவரு அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி என்ன செஞ்சிருப்பாரு?" கம்பாசிட்டர் மாமா ஒன்றும் சொல்லவில்லை. மடித்த இதழ்களைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பத்திரிகை வரலாறு என்று எதை எடுத்தாலும் நான் விற்றவரைத்தான் தேடுகிறேன். இந்துப் பத்திரிகையை 1878-ல் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதி அடித்து ஆரம்பித்தார்கள். 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். கொடுத்தவர் வீரராகவாச்சாரியார். ஆறு பேரில் ஒருவர், கடைசிவரை தாக்குப்பிடித்தவர். அவர் பேர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவரோடு ஆரம்பித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898-ல் இந்துவை விட்டு விலகி, தான் ஏற்கெனவே தொடங்கியிருந்த சுதேசமித்திரனோடு போனார். 1904-ல் நம் சேதுபதி பள்ளிக்கூடத்தில் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்த பாரதியை மதுரையிலிருந்து அழைத்துக்கொண்டது அந்தச் சுதேசமித்திரன்தான். அதையும் 1915-ல் உடம்பு முடியாமல் ரங்கசாமி ஐயங்காரிடம் கொடுத்தார் சுப்பிரமணிய ஐயர். 1916-ல் காலமானார். பத்திரிகையைக் கொடுத்த பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரு வருஷத்துச் சொச்சம். அந்த நாட்களில் காலையில் அவர் வாசலுக்கு வந்து பேப்பர்க்காரனை எதிர்பார்த்து நின்றிருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

விற்பதற்கு முந்தைய வேலையைத்தான் யாரும் எழுதுவதில்லை. பேரம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு மாசம் வீடு பட்ட பாடு இருக்கிறதே! பரணிலிருந்து பழைய கட்டுகளை இறக்கினோம். பதினாறு வருஷத்து இதழ்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அப்பா போட்டிருந்த வேப்பிலை தொட்டால் பொடியாக உதிரும். வருஷவாரியாகப் பிரித்து, மாசவாரியாக அடுக்கி, முற்றத்தில் வெயில் காட்டினோம். அண்ணாச்சிக்கு முழு செட் வேண்டும், பைண்டு பண்ணி வேண்டும். அடுக்கிப் பார்த்தால் ஒரு இதழ் இல்லை. 1971 கார்த்திகை. எங்கள் வீட்டிலேயே இல்லை. அந்த மாசம் மழை உள்ளே இறங்கிக் கட்டு முழுவதும் ஊறிப்போனது என்று அம்மா சொன்னாள்.

அப்பா பழைய சந்தாதாரர்கள் முப்பது பேருக்குத் தபால் கார்டு போட்டார். ஒரே ஒருவரிடமிருந்துதான் இதழ் வந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம், ஒரு அம்மா. நோட்டில் அவர் பேருக்கு நேரே பென்சில் குறிப்பு எதுவும் கிடையாது, வருஷாவருஷம் மணியார்டர் கூப்பன்கள் மட்டும் குத்தி வைத்திருக்கும். மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இருக்குமே, அதுதான் கூப்பன். மணியார்டரையே 2015-ல் நிறுத்திவிட்டார்கள், இன்றைய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். 'மழை இல்லை. பாதிப் பணம் அனுப்பியுள்ளேன். மீதி தை மாதம்.' 'போன மாதக் கதையில் அந்தப் பெண்ணை ஏன் அப்படி விட்டுவிட்டீர்கள்.' ஒவ்வொரு கூப்பனிலும் கையெழுத்து வேறு வேறாக இருக்கும். ஒன்று குண்டு குண்டாக, ஒன்று சாய்வாக, ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல. வீட்டில் நிறையப் பேர் போல என்று அப்பா சொல்வார்.

கார்த்திகை இதழில் எண்ணெய்க் கறை இருந்தது. அட்டை ஓரத்தைத் துணி தைக்கிற நூலால் தைத்திருந்தார்கள். உள்ளே ஒரு துண்டுத் தாள்: 'பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.'

அண்ணாச்சி அன்றைக்கு வந்திருந்தார். இதழைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சேர்த்து பைண்டு பண்ணிருவோம் ஐயா. அந்தம்மாவுக்கு ஒரு வருஷச் சந்தா சும்மாவே அனுப்பிட்டாப் போச்சு."

"திருப்பி அனுப்பணும்னு எழுதியிருக்காங்களே அண்ணாச்சி."

"செட்டுல ஓட்டை விழுமே?"

"விழட்டும். அதுக்கு நூறு ரூபா குறைச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார், நோட்டு எழுதியதற்காக.

கடைசியாகப் பேரம் 6,500 ரூபாய்க்கு முடிந்தது. பேர், 412 விலாசம், ஒரு மாசம் குறைகிற பதினாறு வருஷத்து செட், அட்டைப் பேரின் பிளாக் எல்லாம் சேர்த்து. மெஷினும் எழுத்தும் சேரவில்லை, அவருக்கு அவை தேவையில்லை. கம்பாசிட்டர் மாமா கடைசி இதழ் அடித்து முடித்ததும், வழக்கம்போல எழுத்துகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். அடுத்த மாசம் அச்சுக் கோக்கப் போகிறவர் போலவே போட்டார். அ அந்தக் கட்டத்தில், க இந்தக் கட்டத்தில். மறுநாள் ஈயக்காரர் தராசோடு வந்து எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கிலோவுக்கு எடுத்துக்கொண்டு போனார். எட்டு வயதிலிருந்து அந்த ஈயம் தொட்ட கை மாமாவுடையது. நான் அப்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் 1867-ல் போட்ட சட்டம் ஒன்று, பத்திரிகை நடத்துகிறவர் யார், எங்கே அச்சடிக்கிறார் என்று மாஜிஸ்திரேட் முன்னால் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். கை மாறினால் புதுசாகக் கொடுக்க வேண்டும். 2024 வரை அதுதான் நடைமுறை. கலெக்டர் ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணாச்சியோடு போனார். திரும்பி வரும்போது தனியாக வந்தார். கையில் ஒரு பொட்டலம் அல்வா.

வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி முடிந்து வருகிற முதல் இதழில் நான்காம் படிவம் என்று ஒன்று போட வேண்டும். வெளியிடுபவர் பேர், அச்சிடுபவர் பேர், ஆசிரியர் பேர், உரிமையாளர் பேர், எல்லோரும் இந்தியர்தானா என்று. வாசகர் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். அப்பா பேர் நாலு தடவை வரும், நாலு தடவையும் எங்கள் சந்தின் பேர் வரும். 1984 மார்ச் இதழ் வீட்டுக்கு வந்தது, அண்ணாச்சி மறக்காமல் அனுப்பினார். வண்ண அட்டை, பளபளவென்று இருந்தது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நாலு இடத்திலும் வேறு பேர். அப்பா கேட்டு வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்லா அடிச்சிருக்காரு" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

இதழ் இன்னும் இரண்டு வருஷம்போல ஓடி நின்றுவிட்டது. அண்ணாச்சிக்கும் நட்டம்தான். ஆனால் கடிதங்கள் தல்லாகுளத்துக்கே வந்துகொண்டிருந்தன. அப்பா பிரிக்க மாட்டார். எங்கள் விலாசத்தை ஒரு கோடு போட்டு அடித்து, புது விலாசம் எழுதி, சாயங்காலம் தபாலாபீஸ் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். இதழ் நின்ற பிறகு வந்தவற்றைத்தான் பிரித்தார். பிரித்ததற்குப் பதிலும் போட்டார்.

1994-ல் ரோஜா முத்தையா சேகரிப்பைப் பற்றிப் பேப்பரில் வந்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் வரைக்கும் ஒரு லட்சத்தை ஒட்டி. அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்திடமிருந்து வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். அப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வாங்கினவர்கள் பொருளை அதன் ஊர்ப்பக்கமே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் பிடித்த இடம். "அந்த வீட்டுப் பிள்ளைக எத்தனை நாளு உக்காந்து அடுக்கியிருக்கும்" என்றார். என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

இப்போது நோட்டு என்னிடம் இருக்கிறது. பைண்டிங் விட்டுவிட்டது, சிவப்பு மை இளஞ்சிவப்பாகிவிட்டது. போன சித்திரையில், எதிர்சேவைக் கூட்டம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, திண்ணையில் வைத்துப் புரட்டினேன். உசிலம்பட்டி அம்மாவின் பக்கத்தில் கூப்பன்களுக்கு அடியில் தல்லாகுளம் தபாலாபீஸ் முத்திரையோடு ரிஜிஸ்தர் தபால் ரசீது. கார்த்திகை இதழைத் திருப்பி அனுப்பியதற்கு. அதோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு, தபால் கிடைத்தது என்று வாங்கினவர் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வருகிற அட்டை.

அந்த அட்டை வந்த நாள் எனக்குத் தெரியும். அண்ணாச்சி வாங்கியதையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மூன்றாம் நாள். மெஷினும் தனியாகப் போய்விட்டதால் மெஷின் ரூம் காலியாகக் கிடந்தது, தரையில் மெஷின் கால் இருந்த நாலு இடம் மட்டும் கறுப்பாக. தபால்காரர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் கொடுத்தார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

"மைதா கொஞ்சம் காய்ச்சு" என்றார் அம்மாவிடம்.